ஒரே ஒரு ஒருநாள் சைக்கிள் ரேஸ் பார்ப்பதென்றால் எது? சான் ரெமோவா, ஃபிளாண்டர்ஸா, ரூபேயா?

அக்கா மகன் போன வருஷம் ஒரு கியர் சைக்கிள் வாங்கினான். வாங்கிய சூட்டோடு ஜூலை மாதம் டூர் டி பிரான்ஸ் முழுவதையும் ஒரு நாள் விடாமல் பார்த்தான். அது முடிந்த வாரம் கூப்பிட்டு, "மாமா, அடுத்த வருஷம் எனக்குக் கடைசி வருஷம், மூணு வாரம் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஒரே நாளில் முடியற ரேஸெல்லாம் இருக்காமே, அதில் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அதை மட்டும் ஒழுங்கா பார்க்கறேன்" என்றான். ஃபோனிலேயே ஒரு பேரைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் ஏன் அந்த ஒன்று, ஏன் மற்றது இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால் நூறு வருஷக் கதை வரும், அதை ஃபோனில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன், இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

ஒருநாள் ரேஸ்களில் பெரியவை ஐந்து. மான்யுமென்ட் என்று சொல்வார்கள். மார்ச்சில் மிலான்–சான் ரெமோ, ஏப்ரலில் வரிசையாக டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ், பாரிஸ்–ரூபே, லியேஜ்–பஸ்தோன்–லியேஜ், அக்டோபரில் இத்தாலியின் லொம்பார்தியா. ஐந்துமே நூறு வயதைத் தாண்டியவை, ஐந்துமே ஏறத்தாழ 240 முதல் 300 கி.மீ. வரை ஓடுபவை. இருபதாம் நூற்றாண்டு முழுக்கத் தேடினால் இந்த ஐந்தையும் வென்றவர்கள் மூன்றே பேர்தான்: ரிக் வான் லோய், எடி மெர்க்ஸ், ரோஜர் டி விளாமின்க். மூன்று பேருமே பெல்ஜியக்காரர்கள்.

டூர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் பிடிபட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டூரில் ஒரு நாள் சறுக்கினால் மறுநாள் சரிசெய்யலாம், அதனால் பெரிய வீரர்கள் கணக்குப் பார்த்து ஓட்டுவார்கள், பல நாட்கள் ஒன்றுமே நடக்காது. இங்கே மறுநாள் கிடையாது. பங்ச்சர் ஆனால் போச்சு, தவறான நேரத்தில் தண்ணீர் பாட்டில் எடுக்கக் குனிந்தால்கூடப் போச்சு. அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்தான். அந்த ஆறு மணி நேரத்துக்குள் எல்லோரும் கையில் இருப்பதை எல்லாம் கொட்டியாக வேண்டும்.

சரி, ஐந்தில் இரண்டை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். லியேஜ்தான் இருப்பதில் மூத்தது, 1892-இல் தொடங்கியது, முதல் மூன்று வருஷமும் லியேஜ் நகரத்துக்காரரான லியோன் ஊவாவே ஜெயித்தார். 1980-இல் பனி கொட்டிய நாளில் பிரான்ஸின் பெர்னார் இனோ ஒன்பது நிமிஷத்துக்கும் மேல் முந்திவந்து ஜெயித்தது இங்கேதான். 174 பேர் கிளம்பி 21 பேர் வந்துசேர்ந்தார்கள், இனோவுக்கு இரண்டு விரல்களில் உணர்வு பழையபடி திரும்பவே இல்லை. லொம்பார்தியா 1905-இல் தொடங்கியது, இலையுதிர் காலத்து ரேஸ், கோமோ ஏரிக்கு மேலே கிசால்லோ குன்றில் சைக்கிள்காரர்களின் காவல் தெய்வமான மாதாவுக்கு ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது, பார்க்கவே அழகு. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் இவை மேடு ஏறுகிறவர்களின் ரேஸ்கள். டூரின் மலை நாட்களில் யார் முன்னால் இருப்பார்களோ அவர்களேதான் பெரும்பாலும் இங்கேயும் இருப்பார்கள், 2021 முதல் 2025 வரை ஐந்து லொம்பார்தியாவையும் தொடர்ந்து டூர் சாம்பியன் தாடே பொகாச்சர் ஒருவரே ஜெயித்தார். டூரை முழுசாகப் பார்த்த பையனுக்கு இது தெரிந்த சுவை. புதிதாக ஒன்றைக் காட்டுவதென்றால் மற்ற மூன்றில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

அந்த மூன்றை எதை வைத்து ஒப்பிடுவது? வீரர்களை வைத்து ஒப்பிட்டால் பத்து வருஷத்தில் பதில் மாறிவிடும். நான் சாலையை வைத்துத்தான் ஒப்பிடுவேன். ஒருநாள் ரேஸுக்கு நிலையானது என்று இருப்பது அதன் சாலை ஒன்றுதான். நூறு வருஷத்தில் சைக்கிள் மாறியது, வேகம் மாறியது, சாலைகளும் நல்ல தார்ச்சாலைகளாக மாறின. அந்த மாற்றம் வந்தபோது ஒவ்வொரு ரேஸும் தன் சாலையை என்ன செய்தது என்பதில்தான் அதன் குணம் தெரிகிறது.

சான் ரெமோவில் ஆரம்பிக்கலாம். 1906-இல் மிலானிலிருந்து சான் ரெமோவுக்கு ஒரு கார் ரேஸ் வைத்துப் பார்த்தார்கள், அது படுதோல்வி, பெரும்பாலான கார்கள் போய்ச்சேரவே இல்லை. கார் போகாத தூரத்தை சைக்கிள் போகுமா என்ற சந்தேகத்தோடுதான் 1907 ஏப்ரலில் 'லா கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்' பத்திரிகை சைக்கிள் ரேஸை நடத்தியது. கிளம்பியவர்கள் 33 பேர், ஜெயித்தவர் பிரான்ஸின் லூசியன் பெத்தி-ப்ரெத்தோன். சமவெளியில் குளிரோடு கிளம்பி, துர்க்கீனோ கணவாயைத் தாண்டி, மறுபக்கம் இறங்கினால் மத்தியதரைக் கடல், வெயில், பூக்கள். குளிர்காலத்தை மலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருகிற மாதிரி ஒரு பாதை, இத்தாலியர்களுக்கு வசந்தமே இந்த ரேஸோடுதான் தொடங்குகிறது.

1910-இல் அந்தக் கணவாயில் பனிப்புயல். யூஜின் கிறிஸ்தோஃப் உடல் விறைத்துப்போய் வழியில் ஒரு வீட்டுக்குள் ஒதுங்கினார், போர்வையைச் சுற்றிக்கொண்டு உடம்பில் சூடு ஏற்றிக்கொண்டார், அப்புறம் கிளம்பிப் போய் ஜெயித்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடித்ததாகப் பட்டியலில் ஏறியவர்கள் நான்கே பேர். 1946-இல், போர் முடிந்து நடந்த முதல் சான் ரெமோவில், இத்தாலியின் ஃபாஸ்தோ கோப்பி இரண்டாவதாக வந்தவருக்குப் பதினான்கு நிமிஷம் முன்னால் வந்தார். இடிந்துகிடந்த நாட்டுக்கு அந்த வெற்றி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் சாலை நன்றாக ஆக ஆக சான் ரெமோவுக்குப் பிரச்சினை வந்தது. தார் போட்ட துர்க்கீனோ யாரையும் பிரிக்கவில்லை, பெரிய கூட்டமாகவே கடைசிவரை வந்து, கோட்டருகே எல்லோரும் ஒன்றாகப் பாய்கிற ஸ்பிரிண்டில் முடிந்தது, இத்தாலியர்கள் ஜெயிப்பதும் நின்றுபோனது. 1953-க்குப் பிறகு 1970 வரைக்கும் ஒரு இத்தாலியர்கூட ஜெயிக்கவில்லை. அதற்காக 1960-இல் முடிவுக்குச் சற்று முன்னால் போஜோ என்ற குன்றைச் சேர்த்தார்கள், அதுவும் போதாமல் 1982-இல் சிப்ரெஸ்ஸா என்ற இன்னொரு ஏற்றத்தைச் சேர்த்தார்கள். போஜோ நான்கு கி.மீ.கூட இல்லை, சரிவும் நான்கு சதவீதத்துக்குள்தான். 280 கி.மீ.க்கு மேல் ஓட்டிவிட்டு வரும்போதுதான் அது மலையாகிறது. அதன் உச்சியிலிருந்து முடிவு ஐந்தரை கி.மீ., அதில் பாதிக்கு மேல் வளைந்து வளைந்து இறக்கம். 1992-இல் ஷான் கெல்லி அந்த இறக்கத்தில் மோரெனோ அர்ஜென்தினைத் துரத்திப் பிடித்து ஜெயித்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சான் ரெமோவுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியது, அது யாருடைய ரேஸ் என்று சொல்லவே முடியாது. ஸ்பிரிண்டர் ஜெயிக்கலாம், ஏறுகிறவர் ஜெயிக்கலாம், 2022-இல் மாத்தே மொஹோரிச் மாதிரி இறங்குவதில் கெட்டிக்காரர் ஜெயிக்கலாம். 2025-இல் பொகாச்சர் சிப்ரெஸ்ஸாவிலேயே தாக்கி எல்லோரையும் உதறியும், கூட ஒட்டிக்கொண்டு வந்த நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூலும் ஃபிலிப்போ கன்னாவும் கடைசியில் அவரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார்கள். குறை என்னவென்றால், முதல் ஆறு மணி நேரம் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. கடைசி அரை மணி நேரம் மூச்சு விட முடியாது. வேலை அதிகம், அரை மணி நேரம்தான் இருக்கிறது என்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சான் ரெமோதான். ஒரு ரேஸை 'ஒழுங்காக' உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவனுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

ஃபிளாண்டர்ஸ் வேறு மாதிரி. பெல்ஜியத்தின் வடக்குப் பாதியில் டச்சு பேசுகிற மக்களின் ரேஸ் அது, அந்த மொழி விஷயத்தை விட்டுவிட்டு அந்த ரேஸைப் புரிந்துகொள்ள முடியாது. 1913-இல் பெல்ஜியத்தில் படிப்பு, அதிகாரம், அந்தஸ்து எல்லாம் பிரெஞ்சு மொழியில். ஃபிளெமிஷ் பேசுகிறவன் வயல்காரன், கூலிக்காரன். அந்தச் சூழலில் ஏழை வீட்டில் பிறந்து சின்ன வயதிலேயே வேலைக்குப் போன கரெல் வான் வெய்னண்டாலெ, சொந்த மொழியில் விளையாட்டுப் பத்திரிகை நடத்தி, சொந்த ஊர்களைச் சுற்றிவருகிற ஒரு ரேஸையும் தொடங்கினார். கென்ட் நகரத்தில் கிளம்பி ஃபிளாண்டர்ஸின் ஊர்களை எல்லாம் சுற்றி 300 கி.மீ.க்கும் மேல், கிளம்பியவர்கள் 37 பேர், ஜெயித்தவர் பால் டெமான். தன் மொழி தாழ்வாகப் பார்க்கப்பட்ட இடத்தில் ஒருவர் தன் ஊர்ப் பெயர்களையே வரிசையாகக் கோத்து ஒரு விழா எடுத்தார் என்றால், அதன் அர்த்தம் தமிழ் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழும் இந்த ரேஸ் நடந்தது, அது பின்னால் கசப்பானது. போர் முடிந்ததும் வான் வெய்னண்டாலெ மேல் எதிரிக்கு ஒத்துழைத்ததாகக் குற்றச்சாட்டு வந்து, தொழில் செய்யத் தடை விழுந்தது. அவர் பிரிட்டிஷ் விமானிகளை வீட்டில் ஒளித்துவைத்திருந்ததை உறுதிசெய்து தளபதி மான்ட்கோமரியிடமிருந்து கடிதம் வந்த பிறகுதான் மீண்டார்.

சாலைக்கு வருவோம். ஃபிளாண்டர்ஸின் உயிர் சின்னச் சின்னக் குன்றுகள். அவற்றின் மேல் கல் பாவிய குறுகிய பாதைகள். இங்கேயும் தார் பரவப் பரவ, அமைப்பாளர்கள் புதுக் குன்றுகளைத் தேடிப்போனார்கள். 1976-இல் கோப்பன்பெர்க் வந்தது, 22 சதவீதம் வரை செங்குத்து, முன்னால் ஒருவர் தடுமாறினால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறவேண்டியதுதான். 1987-இல் டென்மார்க்கின் யெஸ்பர் ஸ்கிபி தனியாக முன்னால் ஏறிக்கொண்டிருந்தபோது அமைப்பாளரின் கார் இடித்து விழுந்தார், விழுந்த சைக்கிள் மேலேயே கார் ஏறிப்போனது. அதோடு கோப்பன்பெர்க்கை எடுத்துவிட்டார்கள், 2002-இல்தான் திரும்ப வந்தது. 1986-இல் சேர்ந்த பாட்டர்பெர்க் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: பக்கத்துக் குன்றில் ரேஸ் போகிறதே, நம் நிலத்தருகே போகவில்லையே என்று ஏங்கிய ஒரு விவசாயி தன் பாதைக்கு ரேஸுக்காகவே கல் பாவினாராம். ஊரே அப்படி ரேஸைத் தன் சொந்தமாக நினைக்கிற இடம் அது.

அதனால்தான் 2012-இல் நடந்தது பலருக்கு வலித்தது. அதுவரை ஹெரார்ட்ஸ்பெர்ஹன் ஊரின் மதில் என்று பேர்போன ஏற்றமும், உச்சியில் தேவாலயமும், அதற்குப் பிறகு போஸ்பெர்க்கும் தாண்டி முடிவுக்குப் போவார்கள். 2012-இல் முடிவுக்கோட்டை ஔடநார்ட ஊருக்கு மாற்றி, மதிலைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டு, க்வாரமோன்ட் ஏற்றத்தையும் பாட்டர்பெர்க்கையும் திரும்பத் திரும்பச் சுற்றும்படி வைத்தார்கள். சுற்றுப்பாதை என்றால் பார்வையாளர்கள் ஒரே இடத்தில் நின்று பல தடவை பார்க்கலாம், பணம் கட்டியவர்களுக்குக் கூடாரம் போடலாம். ஊர்க்காரர்கள் மதிலுக்குச் சவ ஊர்வலமே நடத்தினார்கள். 2017-இல் மதில் மறுபடி பாதைக்குள் வந்தது, ஆனால் முடிவிலிருந்து ரொம்ப தூரத்தில், பழைய கனம் இல்லாமல். ரேஸ் இப்போதும் அற்புதமாகத்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. க்வாரமோன்டில் 2023-இலும் 2025-இலும் பொகாச்சர் வான் டெர் பூலை உதறிவிட்டுப் போனதெல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சம்பவங்கள் கடைசி நூறு கி.மீ. முழுக்க வந்துகொண்டே இருக்கும், வலிமையானவர்தான் ஜெயிப்பார், அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைவு. நியாயமான ரேஸ் எது என்று கேட்டால் ஃபிளாண்டர்ஸ் என்பேன். ஒருநாள் பெல்ஜியம் போகிற வாய்ப்பு கிடைத்து, நேரில் பார்க்க ஒன்றைத் தேர்ந்தெடு என்றாலும் இதையேதான் சொல்வேன், ஒரே குன்றில் நின்று மூன்று தடவை பார்க்கலாம்.

இப்போது ரூபே. என் மனம் எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும், மறைக்கவில்லை.

ரூபே வட பிரான்ஸில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய நெசவு ஊர். தியோடோர் வியென், மொரிஸ் பெரெஸ் என்ற இரண்டு மில் முதலாளிகள் 1895-இல் அங்கே சைக்கிள் ஓட்டத்துக்கென்று ஒரு மைதானம் கட்டினார்கள், கட்டிய மைதானத்துக்கு ஆள் வரவேண்டும், அதற்காகப் பாரிஸிலிருந்து ஒரு ரேஸ். 1896 ஏப்ரலில் முதல் ஓட்டம், 280 கி.மீ. அதற்கு முன்னால் பாதையைப் பார்த்துவர 'லெ வேலோ' பத்திரிகையின் விக்தர் ப்ரெயே கிளம்பினார். கடைசிப் பகுதியை மழையில், கல்லும் சேறுமான பாதையில் சைக்கிளிலேயே ஓட்டிக்கொண்டு ரூபே வந்துசேர்ந்தபோது, இந்த ரேஸ் வேண்டவே வேண்டாம், தந்தி கொடுத்து நிறுத்திவிடலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டார். குளித்து, சாப்பிட்டு, ரூபேக்காரர்களோடு உட்கார்ந்து பேசிய பிறகு மனம் மாறினார். முதல் பரிசு 1,000 பிராங்க். ஜெர்மனியின் யோசெஃப் ஃபிஷர் ஜெயித்தார், அடுத்து ஒரு ஜெர்மானியர் ஜெயிக்க 2015-இல் ஜான் டேகன்கோல்ப் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றாவதாக வந்தவர் மொரிஸ் கரான், ரூபேயில் குடியிருந்தவர், முன்பு புகைபோக்கி சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். அடுத்த இரண்டு வருஷமும் அவர்தான் ஜெயித்தார், பின்னால் 1903-இல் முதல் டூர் டி பிரான்ஸையும் ஜெயித்தார்.

ரூபேக்கு 'வடக்கின் நரகம்' என்று ஒரு பெயர் உண்டு, அது கல்லினால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது போரினால் வந்த பெயர். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-இல் ரேஸை மறுபடி நடத்தலாமா என்று பார்க்க ஒரு காரில் வடக்கே போனார்கள். சான் ரெமோ பனியில் தப்பிய அதே யூஜின் கிறிஸ்தோஃப் அந்தக் காரில் இருந்தார். மரம் இல்லை, வீடு இல்லை, குண்டு விழுந்த குழிகளும் அழுகல் நாற்றமும். பார்த்துவிட்டு வந்தவர்கள் எழுதிய சொல்தான் நரகம். ஆனாலும் ரேஸை நடத்தினார்கள். ஆன்ரி பெலிசியே ஜெயிக்கப் பன்னிரண்டே கால் மணி நேரம் ஆனது. வழியில் ரயில்வே கேட்டில் ஒரு ரயில் குறுக்கே நிற்க, முன்னால் இருந்தவர்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பெட்டியின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனார்கள். 2006-இல் மூடிய கேட்டைத் தாண்டியதற்காக இரண்டாவது, மூன்றாவது, நான்காவதாக வந்த மூன்று பேரையும் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள், அதையும் சேர்த்துப் படித்தால் இந்த ரேஸ் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

இனி சாலை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வட பிரான்ஸின் ஊர்களெல்லாம் தார் போட ஆரம்பித்தன. ரேஸ் டிவியில் வரத் தொடங்கியதும் மேயர்களுக்குக் கூச்சம், நம் ஊர்ச் சாலை இவ்வளவு மோசமா என்று நாடே பார்க்கிறதே என்று இன்னும் வேகமாகத் தார் போட்டார்கள். ரேஸ் சப்பென்று ஆகத் தொடங்கியது, சான் ரெமோவுக்கு வந்த அதே நோய். சான் ரெமோ அதற்கு ஏற்றங்களைச் சேர்த்தது, வட பிரான்ஸில் சேர்க்க மலையே கிடையாது. அங்கே செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி: யாரும் வேண்டாம் என்று விட்ட பழைய கல் பாதைகளை வயல்களுக்கு நடுவே தேடிப் போனார்கள். தேடியவர்களில் ஒருவர் ஜான் ஸ்டாப்லின்ஸ்கி, போலந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்தவர், தானும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1962-இன் உலக சாம்பியன். அவர் காட்டிய பாதைதான் அரென்பெர்க் காட்டுக்குள் நேர்கோடாகப் போகும் இரண்டே கால் கி.மீ. கல் பாதை. 1968-இல் முதல்முறையாக ரேஸ் அதில் போனது, மெர்க்ஸ் ஜெயித்தார். அந்தப் பாதைக்கு நேர் கீழே, நிலத்துக்கடியில், ஸ்டாப்லின்ஸ்கி ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டியிருந்தார். இன்றைக்குச் சுரங்கம் மூடிக்கிடக்கிறது, அந்தச் சுரங்கப் பகுதி 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, மேலே ரேஸ் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருக்கிறது.

1983-இல் பாரிஸ்–ரூபேயின் நண்பர்கள் என்று ஒரு அமைப்பு உண்டானது. பெயர்ந்த கற்களைத் தோண்டியெடுத்து, கீழே மணல் போட்டு, மறுபடி பதிக்கிற வேலை அவர்களுடையது. தன்னார்வலர்களும் தோட்டக்கலைப் பள்ளி மாணவர்களும் மண்டியிட்டு உட்கார்ந்து கல் கல்லாகச் செய்கிறார்கள், சமீப வருஷங்களில் அரென்பெர்க்கில் கற்களுக்கு இடையே புல்லை மேய ஆடுகளைக்கூட விட்டார்கள். மோசமான சாலையை மோசமாகவே பாதுகாக்க இவ்வளவு உழைப்பு! இப்போது பாதையில் ஏறத்தாழ 55 கி.மீ. கல், முப்பது துண்டுகளாக, ஒவ்வொன்றுக்கும் கடினத்தைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம். ஜெயித்தவருக்குக் கோப்பையாகக் கொடுப்பதும் ஒரு கல்தான், பீடத்தில் பதித்த ஒரு பாவுகல்.

ரூபேக்கு எதிராகச் சொல்ல நிறைய இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரொம்பப் பெரிய குறை அதிர்ஷ்டம். நன்றாக ஓட்டியவருக்கு பங்ச்சர் ஆகும், முன்னால் இருப்பவர் விழுந்தால் நீங்களும் விழுவீர்கள். 1981-இல் இனோ பல தடவை விழுந்தார், ஒரு தடவை ஒரு சின்ன நாய் குறுக்கே ஓடிவந்து, ஆனாலும் ஜெயித்தார். ஜெயித்த பிறகும் அந்த ரேஸ் தனக்குப் பிடிக்காது என்பதை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. 1998-இல் பெல்ஜியத்தின் யோஹான் முசேவ் அரென்பெர்க்கில் விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கியது, காயத்தில் தொற்று ஏறி காலே போய்விடுமோ என்ற நிலை. அந்த மாதிரி ஒன்றைப் பார்க்கும்போது, விளையாட்டுக்கு இவ்வளவு ஆபத்து தேவையா என்ற கேள்வி எனக்கும் வரும். 2000-இல் அதே முசேவ் ரூபே மைதானத்துக்குள் தனியாக நுழைந்து, கோட்டைத் தாண்டும்போது காலைத் தூக்கி அந்த முழங்காலைக் காட்டினார்.

இன்னொரு குறை, உடல் கனத்தவர்களுக்குச் சாதகம், ஒல்லியான ஏறுகிறவர்கள் பக்கத்திலேயே வரமாட்டார்கள் என்பது. இது ரொம்ப நாள் உண்மையாக இருந்தது. 2025-இல் பொகாச்சர் முதல்முறையாக வந்து, வான் டெர் பூலோடு கடைசி நாற்பது கி.மீ. வரை ஒட்டிக்கொண்டிருந்து, ஒரு வளைவில் வேகத்தைத் தவறாகக் கணித்து விழுந்து, இரண்டாவதாக முடித்தார். வான் டெர் பூலுக்கு அது தொடர்ந்து மூன்றாவது ரூபே.

அந்த அதிர்ஷ்டத்துக்கே மறுபக்கமும் இருக்கிறது, அதனால்தான் நான் இதில் மாட்டிக்கொண்டேன். 2016. மாத்யூ ஹேமன் என்ற ஆஸ்திரேலியர், 37 வயது, வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காக உழைத்த துணை வீரர். ஆறு வாரம் முன்னால் கை எலும்பு முறிந்து, வீட்டில் நிறுத்திவைத்த சைக்கிளில்தான் பயிற்சி. பெல்ஜியத்தின் டாம் போனன் ஐந்தாவது வெற்றிக்கு வந்திருந்தார், அதுவரை ஐந்து தடவை யாரும் ஜெயித்ததில்லை, டி விளாமின்க்கும் போனனும் நான்கு நான்கு. மைதானத்துக்குள் கடைசிச் சுற்றில் ஹேமன் போனனை முந்திக் கோட்டைத் தாண்டியபோது, தான் ஜெயித்ததை நம்ப முடியாமல் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, அதை நான் எத்தனை தடவை திரும்பப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஃபிளாண்டர்ஸில் ஒரு ஹேமன் ஜெயிக்க வழியில்லை. நியாயமான ரேஸுக்கு அந்த விலை உண்டு.

பெண்களுக்கு இந்த ரேஸை நடத்த 125 வருஷம் எடுத்துக்கொண்டார்கள், அது வெட்கக்கேடுதான், ஃபிளாண்டர்ஸில் 2004-லேயே வந்துவிட்டது. 2021 அக்டோபரில், கோவிட் காரணமாகத் தள்ளிப்போன ரேஸில், மழையும் சேறுமாக, லிஸ்ஸி டெய்க்னன் எண்பது கி.மீ.க்கு மேல் தனியாக ஓட்டி ஜெயித்தார். அவருடைய கைப்பிடியில் ரத்தம் ஒட்டியிருந்தது. மறுநாள் ஆண்கள் ரேஸில் ஜெயித்த சோனி கொல்ப்ரெல்லியின் முகமே தெரியவில்லை, கண்ணைத் தவிர எல்லாம் மண்.

முடிகிற இடமும் முக்கியம். மற்ற ரேஸ்கள் ஒரு தெருவில் முடியும். ரூபே பழைய மைதானத்துக்குள் நுழைந்து ஒன்றரைச் சுற்று சுற்றி முடிகிறது. 1949-இல் ஆந்த்ரே மாஹேயை வாசலில் நின்றவர்கள் தவறான பக்கம் திருப்பிவிட, அவர் வேறு வழியாக உள்ளே வந்து ஜெயித்தார். அது செல்லாது என்று தகராறு, மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் அவருக்கும் ஃபாஸ்தோ கோப்பியின் தம்பி செர்ஸே கோப்பிக்கும் சேர்த்தே வெற்றியைக் கொடுத்தார்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் பழைய குளியலறை, கான்கிரீட் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஜெயித்தவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. தோற்றவர்களும் அந்தத் தகடுகளுக்குக் கீழே நின்றுதான் சேற்றைக் கழுவுவார்கள்.

அதனால் என் தேர்வு ரூபே. அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் சான் ரெமோ, நேரில் போக முடிந்தால் ஃபிளாண்டர்ஸ், இந்த இரண்டு விதிவிலக்கையும் முழு மனதோடுதான் சொல்கிறேன். ஆனால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, ஒரே ஒரு ரேஸை, அதன் ஏறக்குறைய நூற்று முப்பது வருஷக் கதையோடு பார்க்க வேண்டுமென்றால் எனக்கு வேறு பதில் இல்லை.

மருமகனே, உனக்கு: பெரும்பாலும் ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு வரும், ஃபிளாண்டர்ஸுக்கு அடுத்த வாரம். பெயரில் பாரிஸ் இருந்தாலும் இப்போது கிளம்புவது அதற்கு வடக்கே உள்ள கொம்பியேன் ஊரில், அப்போது நம் நேரம் மதியம் இரண்டரை இரண்டேமுக்கால் இருக்கும், அப்போதே உட்கார வேண்டாம், படிக்கிற வேலை இருந்தால் முடித்துக்கொள். ஐந்தரைக்குப் போட்டுவிடு. ஆறு மணிக்கு மேல் அரென்பெர்க் காடு வரும், அந்தப் பாதைக்குள் நுழைவதற்கு முன் முதல் இருபது இடத்துக்காக எல்லோரும் எப்படி முட்டிக்கொள்கிறார்கள் என்று பார். அங்கே ஜெயிக்க முடியாது, தோற்க முடியும். அப்புறம் ஐந்து நட்சத்திரப் பாதைகள் இன்னும் இரண்டு இருக்கின்றன, மோன்ஸ்-ஆன்-பெவெல், கார்ஃபூர் டி லார்ப்ர. கடைசியாகச் சொன்னது முடிய இன்னும் பதினைந்து பதினேழு கி.மீ. இருக்கும்போது வரும். எட்டரை மணி வாக்கில் மைதானத்துக்குள் நுழைவார்கள். ஜெயித்தவரைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிடாதே, பத்து இருபது நிமிஷம் கழித்துத் தனித்தனியாக வந்து சேர்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் பார். பார்த்து முடித்ததும் கூப்பிடு, நானும் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.